யூரியாப்ஸ் செடி யீசூன் காரிடாரில் வளருமா?

யீசூன் ராணி

வணக்கம். செடி விஷயத்தில் கைதேர்ந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் தயங்காமல் கேட்கிறேன்.

மெல்பர்னில் இருக்கும் என் சின்ன நாத்தனார் வீட்டு முன்வாசலில் வேலியாகவே ஒரு புதர்ச்செடி நிற்கிறது. இடுப்பைத் தாண்டிய உயரம். இலை சாம்பல் கலந்த பச்சை, தொட்டால் மெத்தென்று இருக்கிறது, ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி வெட்டு வெட்டாகப் பிரிந்திருக்கிறது. அதற்கு மேலே காம்பை நீட்டிக்கொண்டு டெய்சிப் பூ. இதழும் மஞ்சள், நடுப்பொட்டும் மஞ்சள். நாங்கள் போனபோது அங்கே குளிர்காலம், பக்கத்து வீட்டு மரமெல்லாம் மொட்டையாக நிற்க இது மட்டும் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றியே நான் பார்க்கவில்லை. பெயர் கேட்டால் "மஞ்சள் டெய்சி புஷ்" என்றாள், அதோடு சரி. கைப்பேசிச் செயலியில் படம் காட்டினேன், யூரியாப்ஸ் பெக்டினேட்டஸ் என்று வந்தது.

நான் இருப்பது சிங்கப்பூர் யீசூனில் எட்டாவது மாடி, கிழக்கு பார்த்த காரிடார், காலை வெயில் பதினொரு மணி வரைக்கும் நன்றாக விழும். இந்தச் செடி இங்கே வருமா? அடுத்த முறை போகும்போது ஒரு குச்சியை ஒடித்து ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. வராது என்றால் அதே குடும்பத்தில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற, பூக்கிற புதர் வேறு ஏதாவது சொல்லுங்கள். சீனப் புத்தாண்டுச் சாமந்தி வேண்டாம். வாங்கி வைத்துப் பூ உதிர்ந்ததும் குப்பையில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

மண்புழு மாறன்

ராணி அக்கா, செயலி சொன்னது சரியாகத்தான் இருக்கும். சாம்பல் இலை, மெத்தென்ற ரோமம், ஆழமான வெட்டு, முழு மஞ்சள் பூ எல்லாம் சேர்ந்து வந்தால் பெக்டினேட்டஸ்தான். இலை ரோமம் இல்லாமல் நல்ல பச்சையாக இருப்பது அதிலேயே "விரிடிஸ்" என்கிற ரகம். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் இருக்கிற ஆஸ்டரேசியே குடும்பம்.

இது தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதிச் செடி. அங்கே மணற்பாறைச் சரிவுகளில் தானாக வளர்வது. கேப் டவுனில் வருஷத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி மே முதல் ஆகஸ்ட் வரை, அதாவது அவர்களுடைய குளிர்காலத்தில். கோடை காய்ந்து கிடக்கும். நமக்கோ சராசரியாக 2113 மில்லிமீட்டர், மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. எட்டாவது மாடிக் காரிடாரில் மழை படாதே என்று நீங்கள் கேட்பீர்கள். அது உண்மை, மழையை மறைத்துவிடலாம். மறைக்க முடியாதது ராத்திரி.

பகலில் இலை தயாரிக்கிற சர்க்கரையைச் செடி ராத்திரியில் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது, சூடு கூடக் கூட அந்தச் செலவும் கூடுகிறது. கேப் டவுனில் நடுக்கோடையில்கூட ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். நமக்கு விடியற்காலையில்கூட 24, 25. அந்த மாதிரி ராத்திரிக்குப் பழகிய செடி இங்கே வந்தால் உடனே சாகாது. கணு நீண்டு தண்டு மெலிந்து, பூ குறைந்து, கீழ் இலை பழுத்து, கடைசியில் உச்சியில் மட்டும் ஒரு குஞ்சத்தோடு நிற்கும். அந்த நிலையில் வேரில் ஏதாவது வந்தால் தாங்குகிற தெம்பு அதற்கு இருக்காது.

வேருக்கு வருவது பெரும்பாலும் அழுகல்தான். பித்தியம், ஃபைட்டோஃப்தோரா என்று இரண்டு கிருமிகள், சூடும் ஈரமும் சேர்ந்த மண் அவற்றுக்குச் சொர்க்கம். வேர் அழுகினால் தண்ணீர் மேலே ஏறாது, செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். இங்கே லாவெண்டரும் ரோஸ்மேரியும் சாகிற கதை இதுவேதான். இலையில் இருக்கும் அந்த ரோமமும் வறண்ட காற்றுக்கு ஏற்பட்டது, நம் ஊர்க் காற்றில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கரையோரப் பூந்தோட்டத்தில் அந்தப் பெரிய கண்ணாடிக் கூடம் இருக்கிறது அல்லவா, மலர்க் குவிமாடம், 2012இல் திறந்தது. அதற்குள்ளே தென்னாப்பிரிக்கச் செடிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கே 23 முதல் 25 டிகிரி, ஈரப்பதமும் குறைவு. அந்தப் பக்கத்துச் செடிகளை இந்த ஊரில் வாழ வைக்க என்ன தேவைப்படுகிறது என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் காரிடாருக்கு ஏர்கான் போட முடியாது.

குச்சியை ஒடித்துப் பெட்டியில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுச் செடிக்கு அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் நம் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். குச்சியும் செடிதான். விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்த யூரியாப்ஸின் நெருங்கிய சொந்தம் ஒன்றே ஆஸ்திரேலியாவுக்குத் தோட்டச் செடியாகப் போய் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வேலி தாண்டிக் காட்டில் பரவிய செடி. குச்சியோடு வருகிற பூச்சியும் பூஞ்சையும் தனிக் கணக்கு.

அதே குடும்பத்துப் புதர் என்று கேட்டிருக்கிறீர்கள், இந்த மண்ணுக்கே உரிய ஒன்று இருக்கிறது. மாலதி அக்கா வந்து சொல்வார்கள், அவர்கள்தான் அதில் நிபுணர்.

தொட்டிக்காரன்

மாறன் அண்ணே, எல்லாம் சரி, ஆனால் "வராது" என்று நீங்கள் கதவைச் சாத்துகிற வேகம் கொஞ்சம் அதிகம். நான் வைத்திருக்கிறேன். பூவும் பார்க்கிறேன். மெல்பர்ன் மாதிரி பூக்குமா என்றால் பூக்காது, அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் அழ வேண்டியதுதான்.

நர்சரிகளில் இது எப்போதாவதுதான் வரும், பெயரும் பெரும்பாலும் "மஞ்சள் டெய்சி" என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அதே பெயரில் மார்கரெட் டெய்சியையும் கட்டிவிடுவார்கள், அது கேனரித் தீவுச் செடி, அதற்கும் இதே சூட்டுப் பிரச்சினை. இலையைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். கிடைத்தால் பச்சை இலை விரிடிஸை எடுங்கள், ரோமம் இல்லாததால் இலைக்கு நோய் குறைவு. இது என் கைப்பக்குவத்தில் பார்த்தது.

என் முறை இதுதான். இதை வருஷக்கணக்கில் நிற்கிற புதர் என்று நினைப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். ஒரு செடி, அதிலிருந்து குச்சி, அந்தக் குச்சி செடியாகும்போது பழையதை விட்டுவிடுவது, இப்படியே ஓட்டுவது. பூக்காத பக்கக் கிளையில் அடிப்பக்கம் லேசாக முற்றி நுனி இன்னும் இளசாக இருக்கிற இடம் பார்த்து, நம் விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, பெர்லைட் என்கிற லேசான வெள்ளைப் பொரிகல் பாதியும் தேங்காய் நார்த்தூள் பாதியும் கலந்ததில் செருகி நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். எல்லாம் பிடிக்காது. அதனால் ஒன்று வேண்டுமென்றால் நாலைந்து செருகுங்கள். மேலே பிளாஸ்டிக் பை மாட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, இந்தச் செடிக்கு அது வேண்டாம், நம் ஊர்க் காற்றே போதுமான ஈரம், பை போட்டால் அழுகும்.

தொட்டி கண்டிப்பாக மண் தொட்டி. சுவர் வழியாகவும் ஈரம் வெளியேற வேண்டும். பேரங்காடியில் பையில் வருகிற கறுப்பு மண்ணை அப்படியே போட்டால் கதை முடிந்தது, அதில் நார்த்தூளும் மட்கும்தான் அதிகம், நாலு நாளானாலும் காயாது. நான் போடுவது நர்சரியில் விற்கிற சுட்ட மண், பெர்லைட் அல்லது எரிமலைக்கல், கொஞ்சம் மட்கு. முக்கால்வாசி கல்லும் உருண்டையுமாகத்தான் இருக்கும், பார்த்தால் மண் மாதிரியே தெரியாது. விரலை விட்டுப் பார்த்து உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் காலையில், இலை மேல் படாமல். உரம் ரொம்பக் குறைவு. தழைச்சத்து கொடுத்தால் தண்டு நீளுமே தவிரப் பூ வராது.

பூ வாடியதும் காம்போடு கிள்ளுங்கள். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடலாம், ஆனால் இலை இருக்கிற இடத்துக்கு மேலேயே நிறுத்துங்கள். இலையில்லாத பழைய கட்டை வரைக்கும் இறங்கி வெட்டினால் மறுபடி துளிர்க்காமலே போய்விடலாம். மாவுப்பூச்சி கிளைக் கவட்டில் உட்காரும், வாரம் ஒரு தடவை பார்த்துப் பழைய பல்துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டால் போதும்.

உங்கள் வீட்டுக்கு இது சரிவருமா என்று கேட்டால், வெயில் இடிக்கிறது. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை நாலு மணி நேரம். இதற்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். நான் இருப்பது தரை வீடு, அதனால் சமாளிக்கிறேன்.

மண்புழு மாறன்

தொட்டிக்காரன், நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான் தம்பி. வருஷத்துக்கு வருஷம் குச்சி போட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் "வளர்கிறது" என்று நீங்கள் சொல்கிறீர்கள், "நிற்கவில்லை" என்று நான் சொல்கிறேன். சண்டை இல்லை.

வெயில் பற்றிச் சொன்னது முக்கியம், அதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கிழக்கு மேற்கு பார்த்த காரிடார்காரர்களுக்கு வருஷம் முழுக்க ஓரளவு ஒரே கணக்கு. வடக்கு தெற்கு பார்த்தவர்கள்தான் ஏமாறுவது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும், மீதி மாதங்கள் தெற்கே. வடக்கு பார்த்த காரிடாரில் ஜூன் மாதம் வெயிலைப் பார்த்துவிட்டு வெயில் செடி வாங்கினால் டிசம்பரில் அது நிழலில் நிற்கும். உச்சி வெயிலை மேல்மாடித் தளம் மறைத்துவிடும், அது எல்லாத் திசைக்கும் பொருந்தும். இதைப் பார்க்காமல் "எனக்குச் செடி கைராசி இல்லை" என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்.

யீசூன் ராணி

இரண்டு பேருக்கும் நன்றி. வருஷா வருஷம் குச்சி போட்டு மாற்றுகிற பொறுமை எனக்கு இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் குச்சி கொண்டுவருகிற யோசனையையும் வீட்டுக்காரரிடம் சொல்லி நிறுத்தியாயிற்று. அந்த "இந்த மண்ணுக்கே உரியது" என்ன செடி? மாலதி அக்கா எங்கே?

பாசிர் ரிஸ் மாலதி

வந்துவிட்டேன். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன்.

மாறன் சொன்னது பெலுந்தாஸ். தாவரப் பெயர் புளூச்சியா இண்டிகா. மலாய்க்காரர்கள் வீட்டில் உலாம் தட்டில், அதாவது சோற்றோடு தொட்டுக்கொள்கிற பச்சை இலைத் தட்டில், பார்த்திருப்பீர்கள். அதுவும் டெய்சிக் குடும்பம்தான், எப்போதும் பச்சையாக நிற்கிற புதர்தான், பூவும் பூக்கும். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மஞ்சளை எதிர்பார்த்தால் ஏமாற்றம். இதன் பூ சின்னது, வெளிறிய ஊதா கலந்த இளஞ்சிவப்பு, கிளை நுனியில் கொத்தாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய அழகு ஒன்றும் தெரியாது. கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய பூ. வெயில் ஏறியதும் வண்ணத்துப்பூச்சி வந்து உட்காரும், அது எனக்குப் போதும்.

இது சதுப்புநிலக் காட்டின் பின்பக்கம், கடலோரச் சேற்று மேடு, இப்படிப்பட்ட இடங்களில் தானாக வளர்கிற செடி. சுங்கை பூலோ பக்கம் நடந்தால் பார்க்கலாம். உப்புத் தாங்கும், சூடு தாங்கும், ஈரம் தாங்கும். ராத்திரி 25 டிகிரி அதற்குப் புதிதில்லை. மண் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் முகம் சுளிக்காது. ஜாவாவில் வீட்டு வேலியாகவே நட்டுவைப்பார்கள், வெட்ட வெட்ட அடர்ந்து வரும். நாத்தனார் வீட்டு வேலி மாதிரி வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை?

வளர்ப்பது இப்படித்தான். பென்சில் தடிமனுள்ள குச்சி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். ரொம்ப இளசு வேண்டாம், வதங்கிவிடும். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள்ளே போகும்படி செருகி, நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேர் பிடிக்க வைக்கிற தூளெல்லாம் தேவையில்லை. புதுத்துளிர் வந்து அது நிலைத்து நின்றதும் மெல்ல மெல்ல வெயிலுக்கு மாற்றுங்கள். தொட்டி 30 சென்டிமீட்டர் வாய் அகலமாவது இருக்கட்டும், சின்னத் தொட்டியில் வேர் சுற்றிக்கொண்டு ஒரே நாள் தண்ணீர் விட்டுப்போனாலும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். பேரங்காடி மண்ணே இதற்குப் போதும், கொஞ்சம் மணல் கலந்தால் சரி. தரையில் விட்டால் இரண்டு மீட்டர் வரை போகும், தொட்டியில் இடுப்பு உயரத்தில் நிறுத்திவிடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. பூ வருவது கிளை நுனியில், சமைக்க நாம் கிள்ளுவதும் அதே நுனிக் கொழுந்தைத்தான். எங்கள் வீட்டில் என் மருமகன் உலாம் பிரியர், அதனால் ஒரு வருஷம் முழுக்கப் பூவே பார்க்காமல் இருந்தது. பிறகு இரண்டு தொட்டியாகப் பிரித்துவிட்டேன், ஒன்று சாப்பிட, ஒன்று பூக்க. இரண்டாவது தொட்டிப் பக்கம் அவர் போகக்கூடாது என்று ஏற்பாடு.

கொழுந்தைப் பச்சையாகவே சம்பல் பெலாச்சானோடு, அதாவது இறால் விழுது போட்டு அரைத்த மிளகாய்த் துவையலோடு, சாப்பிடுவார்கள். எனக்கு அந்த வாசம் பச்சையில் கொஞ்சம் தூக்கல், அதனால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டுவேன், நாம் முருங்கைக்கீரைக்குச் செய்வது மாதிரிதான், கடைசியில் எலுமிச்சை. உடம்பு நாற்றத்துக்கு இதைச் சாப்பிடச் சொல்வது இந்தோனேசியப் பக்கத்து வழக்கம். தாய்லாந்தில் இலையைக் காயவைத்துத் தேநீர் போடுகிறார்கள், வாங்கிக் குடித்திருக்கிறேன், சுமார்தான்.

பூங்காவிலோ சதுப்புநிலத்திலோ இருக்கிற செடியிலிருந்து மட்டும் ஒடிக்காதீர்கள். சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. எங்கள் சமூகத் தோட்டத்தில் நிறைய இருக்கிறது, கேட்டால் தருவோம்.

தொட்டிக்காரன்

பூவே கண்ணுக்குத் தெரியாத செடியைப் போய் யூரியாப்ஸுக்குப் பதில் என்று சொல்கிறீர்களே மாலதி அக்கா. ராணி அக்கா கேட்டது மஞ்சள்.

மண்புழு மாறன்

மஞ்சள்தான் வேண்டும் என்றால் டித்தோனியா இருக்கிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி, இப்போது வெப்ப நாடு எங்கும் பரவிக் கிடக்கிறது. மூணாறு, கொடைக்கானல் மலைச்சாலையில் போனவர்கள் சரிவு முழுக்கக் காட்டுச் சூரியகாந்தி பார்த்திருப்பீர்கள், அதுதான். உள்ளங்கை அகலப் பூ. சூடும் தாங்கும். ஆனால் இரண்டு மூன்று மீட்டர் உயரம் போய்த் தண்டு ஒடிந்து விழுகிற செடி, காரிடாரில் வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் வெளியே வர முடியாது. விதையும் நிறைய விடும். சமூகத் தோட்டத்தில் ஒரு மூலை கொடுத்தால் வைக்கலாம், வெட்டுகிற தழையைப் பாத்தியில் பரப்பினால் நல்ல பசுந்தாள் உரம், கென்யா பக்கம் விவசாயிகள் அதற்காகவே பயன்படுத்துகிறார்கள்.

வேடெலியாவை யாராவது சிபாரிசு செய்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அது புதர் இல்லை, தரையில் படர்வது. ஆஸ்திரேலியாவில் அதற்கு "சிங்கப்பூர் டெய்சி" என்று பெயர் வைத்துவிட்டுக் குயின்ஸ்லாந்தில் களை என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நாம் என்ன செய்தோம்!

இன்னொன்று, உங்கள் புளோக் கார்பார்க்கிலேயே டெய்சிக் குடும்பச் செடி இருக்கலாம். அடுக்குமாடி கார்பார்க் சுவரில் பச்சைத் திரை மாதிரி கீழே தொங்குகிறதே, அது டார்ல்மௌனியா, முன்னே வெர்னோனியா என்பார்கள். இந்தியா, மியன்மார் பக்கத்துச் செடி. அதற்கு நம் முதல் பிரதமர் லீ குவான் யூ பெயரிலேயே ஒரு வழக்குப் பெயர் உண்டு. பூ பார்க்க ஒன்றும் இல்லை, பச்சைக்காக வைப்பது.

உட்லண்ட்ஸ் சேகர்

மாடியில் செடி வைக்கிற எல்லாருக்கும் பொதுவாக. காரிடாரில் 1.2 மீட்டர் நடைவழி காலியாக இருக்க வேண்டும், குடிமைத் தற்காப்புப் படை விதி. புதர்ச்செடி தொட்டியோடு நிற்காது, கிளை வெளியே வரும், அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். மதில் மேலே தொட்டி வைக்காதீர்கள், விழுந்தால் உயிர் போகிற விஷயம். தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். எல்லாரும் தட்டை மட்டும் பார்ப்பார்கள், மேல்மண் இறுகிப்போனாலும் அதன் மேல் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியம் இறுகிய மண்ணைக் கிளறிவிடச் சொல்கிறது. செடிக்கும் நல்லதுதான்.

தேபான் கார்டன்ஸ் லட்சுமி

ஆப்பிரிக்க இலையை ஏன் யாருமே சொல்லவில்லை? அதுவும் இந்தக் குடும்பம்தானே. எங்கள் புளோக் கீழே மூன்று பேர் வைத்திருக்கிறார்கள். குச்சியைச் சும்மா மண்ணில் குத்தினால் வளர்கிறது. சுகர், பிரஷருக்கு நல்லது என்று சொல்கிறார்கள், எங்கள் சீனப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தினமும் இரண்டு இலை மெல்லுகிறார்.

மண்புழு மாறன்

குடும்பம் சரிதான் லட்சுமி அக்கா, வெர்னோனியா அமிக்டலினா. மேற்கு ஆப்பிரிக்காவில் அது அன்றாடச் சமையல் கீரை, கசப்புப் போகக் கசக்கி அலசி அலசி சூப்பில் போடுவார்கள். வளர்ப்பதற்கு இதைவிடச் சுலபமான செடி கிடையாது, அதிலும் மறுப்பில்லை. வெள்ளைப் பூ, கொத்தாக வரும், நல்ல வாசனை. ஆனால் வெட்டிக்கொண்டே இருக்காவிட்டால் சின்ன மரமாகிவிடும், வெட்டிக்கொண்டே இருந்தால் பூ வராது.

மருந்து விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் இதையும் சேர்த்து மென்றால் சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக்கு மாறுகிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தேபான் கார்டன்ஸ் லட்சுமி

நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லையே. ஆன்ட்டி டாக்டரிடமும் போகிறார், இலையும் மெல்லுகிறார். சரி, கேட்டுச் சொல்கிறேன் அவரிடம்.

யீசூன் ராணி

எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். முடிவு பெலுந்தாஸ்தான். மஞ்சள் இல்லாதது கொஞ்சம் குறைதான், ஆனால் எனக்கு வேண்டியது வாசலில் அடர்த்தியாக ஒரு பச்சை, அதில் எப்போதாவது பூ, வருஷத்துக்கு ஒரு முறை சாகாமல் இருப்பது. தொட்டிக்காரன் தம்பி கோபித்துக்கொள்ளக்கூடாது. காரிடாரை அளந்து பார்த்தேன், 30 சென்டிமீட்டர் தொட்டி இரண்டு வைத்தாலும் வழி மிஞ்சுகிறது, கிளையை மட்டும் சுவர்ப் பக்கமாக வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மாலதி அக்கா, உங்கள் சமூகத் தோட்டத்துக்கு எப்போது வரலாம்? என்ன கொண்டுவர வேண்டும்?

பாசிர் ரிஸ் மாலதி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருப்போம், தனி மடலில் இடம் அனுப்புகிறேன். பழைய செய்தித்தாளும் ஒரு பிளாஸ்டிக் பையும் கொண்டுவாருங்கள், தாளை நனைத்துச் சுற்றித் தருகிறேன், யீசூன் போய்ச் சேரும்வரை வாடாது. ஆறு குச்சி வெட்டுகிறேன், இரண்டு தொட்டிக்கு அது தாராளம். மருமகன் தொடாத செடியிலிருந்து வெட்டுகிறேன், அதில்தான் நல்ல முற்றிய கிளை இருக்கிறது.

தொட்டிக்காரன்

கோபமெல்லாம் இல்லை அக்கா. மாலதி அக்கா, எனக்கும் இரண்டு குச்சி எடுத்து வையுங்கள்.